பெயிண்ட் அடிக்காத கதவு

கோமதியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அது அவளுக்கும் தெரியும், தாராவியில் அவள் குடியிருக்கும் சந்துக்கும் தெரியும். ஆனால் அந்த வாய் ஒருநாள் அவளையே கட்டிப்போடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மகன் செல்வத்தின் பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. சந்து முழுக்க வாடகை நாற்காலிகள். மருமகள் விஜயராணியின் அண்ணன் நயினார் பாண்டுப்பிலிருந்து வந்து, தங்கையைப் பற்றி என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் துண்டைப் பிசைந்துகொண்டு நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் திறந்துவிட்டாள்.

"வருசம் திரும்பட்டும் நயினாரு. வாசக்கதவுக்குப் பெயிண்ட் அடிச்சி, எம் மவள அனுப்புத மாதிரி நானே அனுப்பி வைக்கேன்."

உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் புதிதாக ஒருமுறை அழுதார்கள். யாருக்கு வரும் இந்த மனசு என்று ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நயினார் காலில் விழப் போனான். அவள் தடுத்துவிட்டாள். அன்றைக்கு அவள் சொன்னது பொய்யில்லை. சின்ன வயசு, கையில் ஒரு குழந்தைகூட இல்லை, இந்த ஒற்றை அறையில் தன்னோடு கிடந்து என்ன செய்வாள் என்று நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னாள். தவிர, ஒரு வருஷம் என்பது அன்றைக்கு எங்கேயோ தொலைவில் இருந்தது. ரயிலிலிருந்து விழுந்த பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்து வந்த பிறகு, அடுத்த வேளைச் சோற்றைத் தாண்டி அவளால் எதையும் யோசிக்க முடிந்ததில்லை.

பெயிண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சந்தில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் திருநெல்வேலிப் பக்கம். சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பெயிண்ட் டப்பாவைத் திறக்க மாட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் சந்தில் உள்ள கதவெல்லாம் பளபளக்கும், அந்த வீட்டுக் கதவு மட்டும் பழையபடி நிற்கும். வருஷத் திதி கொடுத்து முடித்ததும் முதல் வேலை வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பது. அடித்துவிட்டால் இனி இந்த வீட்டில் நல்ல காரியம் பேசலாம் என்று அர்த்தம். உங்கள் துக்கம் தீர்ந்துவிட்டதா என்று எவனும் வாய்விட்டுக் கேட்க முடியாதே. ஆகையால் சம்பந்தம் பேச நினைப்பவர்கள் வேறு ஏதோ சோலியாகப் போவதுபோல் அந்த வழியாக நடந்து போவார்கள், கதவை ஒரு பார்வை பார்ப்பார்கள். புதுப் பெயிண்ட் இருந்தால் மறுநாள் வந்து தட்டுவார்கள். இல்லையென்றால் தட்ட மாட்டார்கள். அவர்கள் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது, அவமானமும் இல்லை. இப்படி ஒரு நாகரிகம்.

வருஷம் திரும்பியது. வைகாசியில் திதி கொடுத்தாயிற்று. ஐயருக்கு வேட்டி கொடுத்தாயிற்று, காக்காய்க்குச் சோறு வைத்தாயிற்று. மறுநாளே கோமதியம்மாள் பெயிண்ட் கடைக்குப் போனாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போகவே இல்லை என்று யாரும் அவள்மேல் பழி போட முடியாது.

கடையைச் சாயிரா என்ற பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வாப்பாவுக்கு முட்டி வலி வந்ததிலிருந்து கல்லாவில் அவள்தான். வண்ண அட்டையை விரித்துக் காட்டி, கதவுக்கென்றால் ஆயில் பெயிண்ட் அடியுங்கள், நாலு வருஷத்துக்கு அசையாது என்றாள். கோமதியம்மாள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, தள்ளிப் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். பச்சை அடிக்கலாமா என்று கேட்டாள். அடிக்கலாமே என்றாள் சாயிரா. வேண்டாம், பச்சை அடித்தால் ஒரு கூட்டத்தோடு சேர்த்துவிடுவார்கள். காவி அடித்தால் இன்னொரு கூட்டம். நீலம் அடித்தால் அடுத்த சந்துக்காரர்கள் கொடியோடு வந்து கைகுலுக்குவார்கள். மஞ்சள்? முனையில் இருக்கும் கக்கூஸ் கதவு மஞ்சள். சிவப்பு அடித்தால் சாராயக் கடை மாதிரி இருக்கும். ரோஸ் அடித்தால் பியூட்டி பார்லர். பிரவுன் அடித்தால் ஆஸ்பத்திரி. வெள்ளையை இந்தச் சந்தில் அடிக்கிறவனுக்குக் கோட்டி பிடித்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு நிறம் என்று வைத்துக்கொண்டாள். சாயிராவும் சலிக்காமல் டீ வாங்கிக் கொடுத்தாள். கடைசியில் அட்டையையே வீட்டுக்கு எடுத்துப் போய் நிதானமாகப் பாருங்கள் அம்மா என்று கொடுத்துவிட்டாள். கோமதியம்மாள் அதை வாங்கிவந்து அரிசிமாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். அது அங்கேயே கிடந்து எண்ணெய் குடித்தது.

அவர்களுக்கு முறுக்கு வியாபாரம். கணவன் பூலோகம் இறந்துபோன பிறகு, செல்வம் பள்ளிக்கூடம் போகும்போதே அவள் தொடங்கியது. மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துக் கல்யாணங்களுக்குச் சீர் முறுக்கு இந்த வீட்டிலிருந்துதான் போகும். கையால் முறுக்கிச் சுற்றுவது கோமதியம்மாள், பொரித்து எடுப்பது விஜயராணி. மருமகளாக வந்த புதிதில் அவளுக்கு எண்ணெயைக் கண்டால் பயம். இப்போது கண்ணை மூடிக்கொண்டு, எண்ணெயின் சத்தம் அடங்குவதை வைத்தே எடுத்துவிடுவாள். மாமியாரின் விரல் ஓடும் வேகமும் மருமகளின் கம்பி போகும் வேகமும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. அடுப்புச் சூட்டுக்குக் கதவைப் பகல் முழுக்கத் திறந்தே வைத்திருப்பார்கள். அது வெளிப்பக்கம் திறந்து சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும் கதவு. மூடினால்தான் அதன் முகம் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் செல்வம் அடித்த வெளிர்நீலம் அது. கீழ்ப்பாதி உரிந்து மரம் தெரிய ஆரம்பித்துப் பல நாளாகிவிட்டது.

வியாபாரத்துக்காகத்தான் அவளைப் பிடித்துவைத்திருந்தாள் என்று பின்னால் சந்தில் பேசினார்கள். அது அநியாயம். பொரிப்பதற்கு ஆள் கிடைக்காத ஊரா இது? கோமதியம்மாளுக்குப் பயம், அவ்வளவுதான். செல்வம் போன பிறகு காலையில் கண் விழிக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் படுத்திருக்கிறது என்பதுதான் அவளை எழுந்து உட்கார வைத்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட ஒரு கை, சாப்பிட்டீர்களா அத்தை என்று கேட்க ஒரு குரல். அந்தக் குரலும் இல்லாமல் அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவள் எழுந்துபோய் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சபையில் அவ்வளவு பெரிதாகப் பேசிவிட்டு எந்த முகத்தோடு சொல்வது?

இந்த நேரத்தில்தான் நயினார் போன் செய்தான். உல்லாஸ்நகரில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். நம்ம பக்கத்து ஆள்தான். ஜீன்ஸ் தைக்கிற சின்னப் பட்டறை, சொந்தமாக நாலு மிஷின். முதல் மனைவி விட்டுப் போய்விட்டாள், பிள்ளைகள் இல்லை, குடி இல்லை. போன வாரம் பாண்டுப்பில் நடந்த ஒரு கல்யாணத்தில் விஜயராணியைப் பார்த்திருக்கிறார். இரண்டு வார்த்தை பேசியும் இருக்கிறார். அவருடைய அம்மாவுக்கும் சம்மதம். ஆடி பிறப்பதற்குள் உறுதி செய்துவிட வேண்டும் என்கிறார்கள். நீங்கள் கதவுக்கு மட்டும் அடித்துவிடுங்கள் அத்தை, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அடித்துவிடலாம் நயினாரு, கலர்தான் ஒன்றும் அமைய மாட்டேன் என்கிறது என்றாள் கோமதியம்மாள்.

போனை வைத்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். விஜயராணி அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளும் எல்லாவற்றையும் கேட்டிருப்பாள். ஸ்பீக்கரில் போடாமல் பேச கோமதியம்மாளுக்கு வராது. அந்த ஆள் உன்னிடம் என்ன பேசினார் என்று கேட்டாள். ஒன்றுமில்லை, அடுப்புப் புகை கண்ணுக்கு ஆகுமா என்று கேட்டார் என்றாள் விஜயராணி. அதற்கு நீ என்ன சொன்னாய்? பழகிவிட்டது என்று சொன்னேன். அதோடு பேச்சு முடிந்தது.

ஆனால் இரண்டு நாள் கழித்து, முறுக்கை டின்னில் அடுக்கிக்கொண்டே, ஏதோ ஞாபகம் வந்தவள்போல் விஜயராணி ஒரு கேள்வி கேட்டாள். உல்லாஸ்நகருக்கு சயான் ஸ்டேஷனிலேயே ரயில் ஏறிவிடலாமா, இல்லை குர்லாவில் மாற வேண்டுமா? யாருக்குத் தெரியும், நான் அந்தப் பக்கம் போனதில்லை என்றாள் கோமதியம்மாள். அவளுக்கு நன்றாகவே தெரியும். செல்வத்துக்கு முதலில் அங்கே ஒரு கடையில் வேலை, ஒரு வருஷம் போய் வந்திருக்கிறான். பொய் சொன்னதற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குச் சுற்றிய முறுக்கெல்லாம் கோணலாகப் போயின.

பெண்ணுக்கு மனசில்லை என்றுதான் அவள் தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். போக மனசிருந்தால் சொல்ல மாட்டாளா? சொல்ல மாட்டாள்தான். புருஷன் செத்த வீட்டில் மாமியாருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு எந்தப் பெண் சொல்வாள், எனக்கு இன்னொரு கல்யாணம் பண்ணி வை என்று? இது கோமதியம்மாளுக்குத் தெரியாத விஷயமா? இருந்தாலும், சொல்லவில்லையே, சொல்லவில்லையே என்று அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள்.

ஆனி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பம்பாய் மழையைப் பற்றித் தெரியாதவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. சந்தில் கணுக்கால் தண்ணீர். நயினார் மறுபடி போன் செய்தபோது, இந்த ஈரத்தில் பெயிண்ட் காயாது, சுருங்கிக்கொண்டு வரும், வெயில் முகம் பார்த்து அடிக்கிறேன் என்றாள். அது உண்மைதான். அடுத்த முறை, எப்படியும் இந்த ஏரியாவையே இடிக்கப் போகிறார்களாமே, சர்வேக்காரன் வந்து படிக்கட்டில் நம்பர் எழுதிப் போயிருக்கிறான், இடிக்கிற வீட்டுக் கதவுக்கு எதற்கு செலவு என்று ஆரம்பித்தாள். நயினார், கதவுக்காக இல்லையே அத்தை என்று மட்டும் சொன்னான்.

நல்ல காரணம் கிடைக்கக் கிடைக்க அவளுக்குத் தெம்பு வந்தது. ஒருநாள் மதியம், மழை கொஞ்சம் விட்டிருந்தபோது, தைரியமாக மருமகளிடமே அட்டையை எடுத்து நீட்டினாள். எனக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை, நீயாவது ஒரு கலரைச் சொல்லு என்றாள். இதற்கு முன்னால் கேட்டபோதெல்லாம், உங்களுக்குப் பிடித்ததை அடியுங்கள் அத்தை என்பதுதான் பதிலாக இருந்தது. அதே பதில்தான் வரும் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

விஜயராணி அட்டையை வாங்கவில்லை. எண்ணெயில் கிடந்த முறுக்கைக் கம்பியால் திருப்பிப் போட்டாள்.

"எந்தக் கலரா இருந்தாலும் சரிதான் அத்தை. அடிச்சாச் சரி."

இதைவிடத் தெளிவாக ஒரு பெண்ணால் கேட்க முடியாது. கோமதியம்மாள் அட்டையைப் பழையபடி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு, மாவில் தண்ணீர் கொஞ்சம் கூடிவிட்டது பாரு என்றாள். மாவு சரியாகத்தான் இருந்தது. அவளுக்குக் காது கேட்டது, புத்திக்கும் எட்டியது, கை மட்டும் வரவில்லை.

ஆனிக் கடைசியில் செம்பூரில் ஒரு பெரிய கல்யாணம். விஜயலக்ஷ்மி என்று ஒரு மாமி, ரிட்டையரான பேங்க் ஆபீசர், வழக்கமாக இவர்களிடம் வாங்குகிறவர். தன் பெண் வந்தனா கல்யாணத்துக்கு ஏழு சுற்று முறுக்கு வேண்டும், ஒன்றுகூட உடையாமல் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஆகவே டெம்போவில் மாமியாரும் மருமகளும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து டின்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாமி காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பேசினார். அடுத்தது உன் மருமகளுக்குத்தானே கோமதி, பார்க்கிறாயா எங்கேயாவது என்று விசாரித்தார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் மாமி என்றாள். விஜயராணி காப்பி டம்ளரைக் கழுவி வைக்க எழுந்து போய்விட்டாள்.

அவர்கள் திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது எதிர்வீட்டுப் பார்வதியம்மாள் எட்டிப் பார்த்தாள். பார்வதியம்மாள் எட்டிப் பார்க்காத நாள் கிடையாது. மதியம் ஒரு பொம்பளை வந்தாள், சந்தனக் கலரில் நல்ல காட்டன் சேலை, கையில் குடை, நம்ம பக்கத்து முகம் என்றாள். என்னவாம் என்று கேட்டாள் கோமதியம்மாள். ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கதவுக்கு எதிரே நின்று குடையை மடக்கினாள். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டேன். மெயின் ரோட்டுக்கு இப்படிப் போகலாமா என்று கேட்டுவிட்டு, மறுபடி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். மழைகூட அப்போது இல்லை.

கோமதியம்மாளின் கையில் பூட்டு அப்படியே இருந்தது. அவளுக்குப் புரியாமல் இல்லை. பக்கத்தில் விஜயராணி காலி டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தபடி நின்றாள். அந்தக் கதவை அவள் அவ்வளவு நேரம் பார்த்து யாரும் கண்டதில்லை. உரிந்த நீலம், ஊறிப்போன கீழ்ப்பலகை, பொங்கலுக்குச் சந்து முழுக்க அடித்தபோது பக்கத்து வீட்டுக்காரன் தெளித்துவிட்ட நாலு சொட்டு மரூன். பிறகு அவள் உள்ளே போய் டின்னைக் கழுவினாள். வந்தது யார் என்று அவளும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அடித்திருக்கலாம். அதற்கும் மறுநாள் அடித்திருக்கலாம், அன்று வெயில்கூட அடித்தது. ஒருமுறை வந்தவர்கள் இன்னொரு முறை வராமலா போய்விடுவார்கள் என்று கோமதியம்மாள் கணக்குப் போட்டாள். ஆடி போகட்டும், ஆவணியில் பார்க்கலாம், அதுவரைக்குமாவது இருக்கட்டும். ஒரு ஆடி மாதத்தை அவள் கடவுளிடம் கடனாகக் கேட்டாள் என்று வைத்துக்கொள்ளலாம். கேட்டது கிடைத்தது.

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நயினார் நேரிலேயே வந்தான். முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தான். விஜயராணி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அடுப்புக்குப் போனாள். அவன் கோபமாக வருவான் என்றுதான் கோமதியம்மாள் எதிர்பார்த்திருந்தாள். கோபத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தயாராகவும் வைத்திருந்தாள். அவன் கோபப்படவில்லை.

"மாப்பிள்ளயோட அம்மா வந்து கதவப் பாத்துட்டுப் போயிருக்காவ அத்தை. கல்யாண் ஊர்ல வேற எடத்துல பேசி, போன வாரமே தட்டு மாத்திட்டாவ."

டீயை மெதுவாக ஊதிக் குடித்தான். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினான். அந்த அம்மா ஒரு தப்பும் சொல்லவில்லையாம். பெண்ணை விட அவர்களுக்கு மனசில்லை போலிருக்கிறது, பாவம், பிள்ளையைப் பறிகொடுத்த வீடு, நாம் போய்த் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று மகனிடம் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு இரண்டு மூன்று இடத்தில் அப்படியே பேசிக்கொள்கிறார்கள். இனி அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் இந்தச் சந்துக்குள் வர மாட்டார்கள். எனக்கும் ரெண்டு பொட்டப்பிள்ளைகள் வளர்ந்து நிற்கிறார்கள், மாப்பிள்ளை தேடிப் பட்டறை பட்டறையாக அலைய இனி எனக்கும் தெம்பு இல்லை என்றான். தங்கையிடம் வாரேன்மா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தான்.

கருகல் வாசனை அப்போதுதான் கோமதியம்மாளுக்கு எட்டியது. வாணலியில் ஒரு ஈடு முறுக்கு கறுத்துப் போய்க் கிடந்தது. விஜயராணி கம்பியைக் கையில் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண்ணெயின் சத்தம் எப்போதோ அடங்கியிருந்தது. பிறகு அரிகரண்டியால் எல்லாவற்றையும் வழித்து எடுத்துப் பேப்பரில் போட்டு மடித்து வைத்தாள். அழவில்லை. கோமதியம்மாள்தான் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பாத்திரத்தைத் தூக்கி வீசியிருந்தால், என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாயே என்று கத்தியிருந்தால், காலில் விழுந்தாவது தொலைத்திருக்கலாம். விஜயராணி வழக்கம்போல விடியற்காலையில் எழுந்தாள், மாவு சலித்தாள், மாமியாருக்குச் சோறு போட்டாள், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். கை எப்போதும்போல் மெதுவாகத்தான் இருந்தது. சாப்பிட்டீர்களா அத்தை என்ற கேள்வி மட்டும் நின்றுபோயிருந்தது. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

அப்படியே நாலு நாள் பார்த்த பிறகு கோமதியம்மாளால் தாங்க முடியவில்லை. விஜயராணி மாட்டுங்காவுக்குச் சரக்கு போட்டுவரப் போனதும், குடைகூட எடுக்காமல் சாயிராவின் கடைக்கு ஓடினாள். ஒரு டப்பா பெயிண்ட் கொடு, ஒரு பிரஷ் கொடு என்றாள். சாயிரா, கலர் முடிவு பண்ணிட்டீங்களா அம்மா என்று ஆசையோடு அட்டையைத் தேடினாள். எதுவாக இருந்தாலும் சரி என்றாள் கோமதியம்மாள். சாயிரா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. யாரோ சொல்லிக் கலக்கி வைத்து, வாங்க வராமல் போன டப்பா ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மழையில் அடிக்காதீங்க, இப்ப அடிச்சா வீண் என்று மட்டும் சொன்னாள்.

ஆடி மாதம். அந்தச் சந்தில் ஆடியில் ஒரு ஆணிகூடப் புதிதாக அடிக்க மாட்டார்கள். கோமதியம்மாள் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று, உரிந்த நீலத்தைச் சுரண்டக்கூடச் செய்யாமல், அதன்மேலேயே அடித்தாள். செங்கல்லும் இல்லாமல் ரோஸும் இல்லாமல் ஒரு நிறம். மேலே தகரக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் பெயிண்ட்டின்மேல் கோடு போட்டுக்கொண்டே வந்தது, அவள் அதை மறுபடி மறுபடி பிரஷால் இழுத்து மூடினாள். ஈரப் பலகையில் சில இடத்தில் பிடித்தது, சில இடத்தில் வழுக்கியது. போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒருவர் குடைக்கம்பி உரசி நடுவில் ஒரு கீறல் விழுந்தது. அவள் கீழே இறங்கி நின்று பார்த்தாள். கதவு அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் புதுப் பெயிண்ட்தான், யார் பார்த்தாலும் புதுப் பெயிண்ட் என்று தெரியும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

விஜயராணி திரும்பி வந்தாள். கதவைப் பார்த்தாள். காலில் இருந்த சேற்றைக் கழுவினாள். ஒட்டிக்கொள்ளாமல் புடவையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து உள்ளே போனாள். கலர் நல்லா இருக்கா ராணி என்று கோமதியம்மாள் வாசலில் நின்றபடியே கேட்டாள். கேட்டது அவளுக்கே பிச்சை கேட்பதுபோல் இருந்தது. நல்லாருக்கு அத்தை என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அடுப்பைப் பற்றவைக்கும் சத்தமும் வந்தது.

பார்வதியம்மாளுக்கு இதெல்லாம் போதாதா? புடவை முந்தியைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு சந்தைத் தாண்டி வந்துவிட்டாள். என்ன கோமதி, போயும் போயும் ஆடியில் அடித்திருக்கிறாய், ராத்திரி கதவைச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொள்ளுமே, கட்டையைக் கொடுத்துத்தான் வைக்க வேண்டும் என்று யோசனை சொன்னாள். கோமதியம்மாள் பிரஷைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். பார்வதியம்மாள் தலையை உள்ளே நீட்டினாள். ஆக வருஷம் கழிந்துவிட்டது, ஆவணியில் எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு உண்டு, அண்ணன் எந்த ஊர் மாப்பிள்ளை பார்த்திருக்கிறான் என்று விஜயராணியைக் கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவளுக்கு நயினார் வந்ததுதான் தெரியும், சொன்னது தெரியாது.

கோமதியம்மாள் பிரஷைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

"நான் எங்கயும் போகல சித்தி," என்றாள் விஜயராணி. "இங்கன அத்த கூடத்தான் இருப்பேன். கடேசி வர."

ஒரு வருஷமாக எந்த வார்த்தைக்காகக் கோமதியம்மாள் சயான் கோயிலில் விளக்குப் போட்டாளோ, அந்த வார்த்தை. இந்தப் பிள்ளை தன் வாயால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று அவள் ஏங்காத நாள் இல்லை. சொல்லியாயிற்று. கடைக்காரர் போன் செய்தால், இன்னைக்குச் சரக்கு இல்லைங்க என்று சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். பார்வதியம்மாளுக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நல்லது, நல்லது, மாமியாரை விட்டுவிட்டுப் போக மனசு வருமா என்று எதையோ சொல்லி வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

எண்ணெய் காய்ந்துவிட்டது அத்தை என்றாள் விஜயராணி. கோமதியம்மாள் உள்ளே வந்தாள். பெயிண்ட் ஒட்டிய கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவினாள், முழுசாகப் போகவில்லை. மாவுக்கு எதிரே உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தாள். மருமகள் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெயில் விட்டாள். இனி அவளை யாரும் கூட்டிக்கொண்டு போக வர மாட்டார்கள். தான் செத்த பிறகு இந்த அறையில் இந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருப்பாள் என்பது அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், கோமதியம்மாளுக்கு உறைத்தது. தனக்கு எது வரக்கூடாது என்று அத்தனை பயந்தாளோ, அதை எடுத்து மருமகள் தலையில் வைத்தாயிற்று.

"என்ன திட்டிரு ராணி," என்றாள்.

விஜயராணி கம்பியை எடுத்து முறுக்கைத் திருப்பினாள். சுற்று கோணலாகிறது பாருங்கள் அத்தை என்றாள்.